பெயர் சொல்லாத செபம்

மடுத்தீன் வீட்டில் புருஷனும் பெண்சாதியும் கதைப்பது செபத்தில் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் அந்த வளவில் ஆடு கத்தும், கோழி கத்தும், மனுஷக் குரல் கேட்காது. பொழுதுபட்டதும் கைவிளக்கைக் கொளுத்தி மாதா படத்துக்கு முன்னால் இருவரும் முழங்காலில் நிற்பார்கள். அதற்குப் பிறகுதான் அன்றைக்குச் சொல்லவேண்டிய சங்கதி எல்லாம் வெளியே வரும்.

செபமாலையில் மணிகள் பத்துப் பத்தாய்க் கோத்திருக்கும், ஒவ்வொரு பத்துமணிக்கும் முன்னால் ஒரு கருத்தைச் சொல்லி ஒப்புக்கொடுப்பது கத்தோலிக்க வேதக்காரர் வீடுகளில் வழக்கம். நோயாளிக்காக, மழைக்காக, செத்த ஆத்துமங்களுக்காக என்று சொல்வார்கள். மடுத்தீன் சொல்வது வேறு மாதிரி. "நாளைக்கு விடியமுன்னம் எங்கட வாய்க்காலுக்குத் தண்ணி திறக்கிறபடியால், பயிர் நல்லா விளையவேணும் எண்டு ஒப்புக்குடுப்பம்" என்பான். கட்டுச்சோறு வேளைக்கு வேண்டும் என்பது அதன் பொருள். அடுத்த பத்துமணிக்கு நேசமலர், "அரிசிப் பானையின்ர அடி தெரியிற வீடுகளுக்காக" என்பாள். அவன் மறுநாள் நெல்லுக் குற்றிக்கொண்டு வருவான். மாதா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பா, அவவுக்கும் வேறு வழியில்லை.

கடைசிப் பத்துமணி எப்போதும் நேசமலருடையது. "சொல்லாத ஒரு கருத்துக்காக" என்று மட்டும் சொல்லிவிட்டு அருள் நிறைந்த மந்திரத்தைத் தொடங்குவாள். மடுத்தீன் ஒருநாளும் தட்டாமல் மறுபாதியைச் சொல்வான். அந்தக் கருத்து யார் என்று அவனுக்குத் தெரியும். பெயரைச் சொல்லாதவரைக்கும் அவனுக்கு ஆட்சேபனை இல்லை.

பெயர் இரஞ்சிதம். ஒரே பிள்ளை. போன ஆடி, மடுத் திருவிழாவுக்குப் போய் வந்து மூன்று கிழமைக்குள், குளத்து வேலைக்கு நில அளவைச் சங்கிலி பிடிக்க வந்த கனகலிங்கம் என்ற சைவப் பெடியனோடு போய்விட்டாள். கச்சேரியில் கலியாணத்தைப் பதிந்து எழுதிக்கொண்டு துணுக்காய்ப் பக்கம் குடியிருந்தார்கள். காட்டுக்குள்ளால் நடந்தால் இரண்டு மைல் கட்டை தூரம் வராது. மடுத்தீன் அந்தக் குடியேற்ற யூனிற்றில் இருந்த பதினொரு வேதக்காரக் குடும்பத்துக்கும் மூப்பர். பங்குச் சுவாமியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டில் கோயிலில் செபம் சொல்லிக் கொடுக்கிறவன். அவனுடைய பிள்ளை கோயிலில் கைப்பிடிக்காமல், நற்கருணை நன்மை எடுக்க முடியாதவளாய்ப் போனது அவனுக்குத் தோலை உரித்தது மாதிரி இருந்தது. "இனி இந்த வீட்டில அவளின்ர பேர் எடுக்கப்படாது" என்றான். "பெத்தனான், பேர் எடுப்பன்" என்றாள் நேசமலர். அதுதான் அவர்கள் செபத்துக்கு வெளியே கடைசியாகக் கதைத்த கதை. ஏழு மாதமாகிறது.

இந்த லட்சணத்தில், மார்கழியில் பூசை வைக்க வந்த சுவாமியார் பிரசங்கத்தில் அவர்களைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னார். வேலியால் போகிற எவருக்கும் கேட்கும்படி தினமும் செபமாலை சொல்கிற குடும்பமாம். பூசை முடிந்து அவர் மோட்டார் சைக்கிளை உதைக்கிற நேரம் நேசமலர் பக்கத்தில் போய் நின்றாள்.

"சுவாமி, அவரும் நானும் கதைக்கிறேல்ல."

"செபம் சொல்லுறியளெல்லே?"

"அது சொல்லுறம்."

"அதை விட்டுடாதை, பிள்ளை. மிச்சம் தன்பாட்டில சரிவரும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கோயிலுக்குப் பறந்தார். அவருக்கு அன்று இன்னும் இரண்டு பூசை. நேசமலர் செபத்தை விடவில்லை.

தை பிறந்து கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் பன்றி இறங்கிற்று. கூட்டமாக வந்து ஒரு மூலையை உழுதுவிட்டுப் போகும். காவல் கொட்டிலில் இருந்து தகரம் தட்டிப் பார்த்தான், மடுத்தீன். தகரச் சத்தம் பன்றிக்குப் பழகிப்போயிற்று. பக்கத்து வளவு வீரகத்தியிடம் ஒரு கட்டுத்துவக்கு இருந்தது. பாதையோரம் மரத்தில் கட்டி, பாதைக்குக் குறுக்கே நூல் இழுத்துவிட்டால், நூலில் முட்டுகிற உருப்படிக்கு வெடி விழும். அது பன்றியா மனுஷனா என்று துவக்குக்குத் தெரியாது. அதனால் கட்டுகிறவன் அயலுக்குச் சொல்லவேண்டும், பாதை தொடங்குகிற தொங்கலில் எச்சரிக்கையாய் இலைக்குழை கட்டித் தொங்கவிட வேண்டும். சட்டத்துக்கு மாறான காரியம் என்றாலும் இந்த ஒழுங்கை ஒருவரும் மீறுவதில்லை.

ஞாயிறு பின்னேரம் அவன் அதைக் குளக்கட்டுக்குக் கீழே போகிற ஒற்றையடிப் பாதையில் கட்டினான். அன்றிரவு முதலாம் பத்துமணிக்கு, "குளக்கட்டுப் பாதையில பண்டிக்குத் துவக்குக் கட்டியிருக்கிறபடியால், அந்தப் பாதையால ஒருத்தரும் போகாமல், ஒரு தீங்கும் வராமல் இருக்க ஒப்புக்குடுப்பம்" என்றான்.

நேசமலரின் கையில் மணி நின்றுவிட்டது. அவன் இரண்டு முறை செருமிய பிறகுதான் அவளுக்கு மறுபாதி வாயில் வந்தது.

இரண்டு கிழமைக்கு ஒருக்கால் புதன்கிழமைகளில் மடுத்தீன் கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் போய்ப் பின்னேரம்தான் திரும்புவான். அந்தப் புதன்களில் இரஞ்சிதம் அம்மாவிடம் வருவாள். வருவது குளக்கட்டுப் பாதையால். நான்கு மாதமாக இது நடக்கிறது. இந்தப் புதனும் அவள் வருகிற முறை.

துவக்கைக் கழற்றச் சொல்லலாம். ஏன் என்று கேட்டால்? அந்தப் பாதையால் யார் வருகிறது என்று கேட்டால்? பிறகு புதன்கிழமையும் இல்லை, பிள்ளையும் இல்லை. நேசமலர் அன்று நித்திரை கொள்ளவில்லை.

திங்கள் காலை றவூப் வந்தான். முல்லைத்தீவில் இருந்து கருவாடும் சீத்தைத் துணியும் சைக்கிளில் கட்டிக்கொண்டு யூனிற் யூனிற்றாய்த் திரிகிற வியாபாரி. இரஞ்சிதத்துக்கும் தாய்க்கும் இடையில் சொல்லைக் காவுகிறவனும் அந்த முஸ்லிம் நானாதான்.

"நானா, இண்டைக்கு அங்கால போவியளோ?"

"போவன் அக்கா. துணுக்காயில ரெண்டு வீட்டில பழைய பாக்கித் துணி குடுக்கக் கிடக்கு. என்ன, பிள்ளைக்கு ஏதும் சொல்லவோ?"

"புதன்கிழமை குளக்கட்டால வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அவர் அதில பண்டிக்குத் துவக்குக் கட்டியிருக்கிறார்."

"அல்லாவே. அப்ப வரவேண்டாமெண்டு சொல்லுறன்."

நேசமலர் கருவாட்டுக் கடகத்தைப் பார்த்தபடி நின்றாள். அந்த வசனத்தோடு விட்டிருந்தால் எவ்வளவு நல்லது. ஆனால் இரண்டு கிழமையாய் அவள் அந்தப் புதனை எண்ணிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு என்று ஒரு விராலை வாளித் தண்ணீரில் உயிரோடு விட்டு வைத்திருந்தாள்.

"வரட்டும்" என்றாள். "பழைய வண்டிப் பாதையால வரச் சொல்லுங்கோ. காடு வெட்டேக்கை மரம் இழுத்த பாதை. அவளுக்குத் தெரியும்."

"அது பத்தை மண்டிக் கிடக்கு அக்கா. பாம்பு புழங்கும்."

"பாம்புக்கு மடுக் கோயில் மண் முடிஞ்சு குடுத்து விட்டனான், அவளிட்டக் கிடக்கு. துவக்குக்கு நான் என்னத்தை முடிஞ்சு குடுக்கிறது, நானா?"

றவூப் சிரித்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்கட அவரும் ஒருநாளைக்கு இளகத்தான் போறார். பெத்த மனம்" என்றான்.

"அவருக்குப் பெத்த மனமில்லை. மூப்பர் மனம்தான் கிடக்கு" என்றாள் அவள். வயிற்றெரிச்சலில் சொன்னது.

அது பிழை என்று அடுத்த நாளே ஆயிற்று. ஆனால் அதை அவள் அறியவில்லை.

செவ்வாய் காலை மடுத்தீன் துவக்கைப் பார்க்கப் போனான். நூல் அறாமல் இருந்தது. திரும்புகிறபோது வாய்க்கால் கரையில், போன மழைச் சேறு காய்ந்து இறுகிய இடத்தில், காலடிகளைக் கண்டான். வருகிற அடியும் போகிற அடியும். இடது பாதம் நேராக இருந்தது. வலது பாதம் உள்ளுக்குத் திரும்பி இருந்தது.

இரஞ்சிதத்துக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது பாலைப்பழம் பிடுங்க ஏறி விழுந்து வலது கால் முறிந்தது. ஒட்டுசுட்டானில் ஒரு முறிவு வைத்தியரிடம் மடுத்தீன்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு போனவன். பத்துப் போட்டுக் கட்டி எலும்பு பொருந்தியது, பாதம் மட்டும் கொஞ்சம் உள்ளுக்கே நின்றுவிட்டது. அந்த அடியை உலகத்தில் எங்கே கண்டாலும் அவனுக்குத் தெரியும்.

அவன் வரம்பில் குந்திவிட்டான். எத்தனை நாளாய் வருகிறாள், யார் சொல்லி வருகிறாள் என்று யோசித்தான். புதன்கிழமைகளில் வீட்டில் மீன் மணப்பதும், அன்று செபத்தில் நேசமலரின் குரல் இளகிக் கிடப்பதும் அப்போதுதான் பிடிபட்டது. கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான், வரவில்லை. இந்த நூலில் அல்லவா அவள் கால் பட்டிருக்கும்.

எழும்பிப் போய்த் துவக்கைக் கழற்றினான். கழற்றியதை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் பன்றி அன்றிரவும் வரும், வயலில் இருந்தது வருஷச் சாப்பாடு. குளக்கட்டு ரோட்டுப் போட்ட நாளில் இருந்து ஒருவரும் போகாத பாதை ஒன்று இருந்தது. வீரகத்தி வளவுக்குப் பின்னால் தொடங்குகிற பழைய வண்டிப் பாதை. அங்கேயும் பன்றி கிண்டிய தடம் கிடந்தது. உள்ளே நூறு யார் தூரம் போய் ஒரு வீரை மரத்தில் துவக்கைக் கட்டினான். தங்கள் பக்கத்துத் தொங்கலில் குழை கட்டினான். மற்றத் தொங்கல் காட்டுக்குள் கிடந்தது. அந்தப் பக்கத்தால் வர யார் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டான்.

வேலியடியில் வீரகத்தி மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றான்.

"வீரகத்தி, துவக்கை வண்டிப் பாதைக்கு மாத்திப்போட்டன். மாடு கண்டு அங்கால இறங்காமப் பார்."

"ஏன் அண்ணை? பண்டி வாறது குளக்கட்டாலயெல்லே?"

"அதில சனம் போய்வரும்."

"கட்டுப் பாதையாலயோ? அதில இப்ப ஆர் போகினம்?"

மடுத்தீன் துவாயை உதறித் தோளில் போட்டான்.

"அக்காவுக்குச் சொல்லிப்போட்டியளோ?" என்று கேட்டான் வீரகத்தி. "அவா விறகுக்கு அங்கால இங்கால போறவா."

"ம்" என்றான் மடுத்தீன். சொல்லத்தான் நினைத்திருந்தான், ஆகையால் அதைப் பொய் என்று அவன் எண்ணவில்லை. வீரகத்தியும் தன் பெண்சாதி கமலாசனியிடம் மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிட்டான். புருஷன் சொல்லிப்போட்டேன் என்ற பிறகு அடுத்த வீட்டுப் பெண்ணிடம் போய் என்னத்தைச் சொல்வது?

அன்று பொழுதுபட்டு இருவரும் முழங்காலில் நின்றார்கள். முதலாம் பத்துமணிக்குச் சொல்ல மடுத்தீன் வாய் எடுத்தான். துவக்கை மாற்றினேன் என்று சொன்னால் ஏன் என்ற கேள்வி கூடவே வரும். அவள் கேட்கமாட்டாள், ஆனால் விளங்கிவிடுவாள். இவன் தோற்றுப்போனான் என்று விளங்கிவிடுவாள். நாளைக்கு நேரில் பிள்ளையைக் கண்டு, ஒரு வார்த்தை கதைத்து, அவளைக் கையோடு கூட்டிவந்து வாசலில் விட்டால் பிறகு ஒரு விளக்கமும் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு கணக்கு அவன் மனதில் ஓடியது. வீம்பு பிடித்த மனுஷர் நல்லது செய்வதற்கும் ஒரு சுற்றுவழி தேடுவார்கள்.

"பாதையால நடந்து வாறவைக்கு ஒரு தீங்கும் வராமல் இருக்க ஒப்புக்குடுப்பம்" என்றான்.

அவள் அதைக் குளக்கட்டுத் துவக்கு என்றே எடுத்துக்கொண்டாள். வண்டிப் பாதையால் வரச் சொன்னது எவ்வளவு நல்லது என்று உள்ளுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னாள். கடைசிப் பத்துமணிக்கு வழக்கம்போல, "சொல்லாத ஒரு கருத்துக்காக" என்றாள். மடுத்தீன் மறுபாதியை வேலிக்கு அப்பால் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னான். ஏழு மாதத்தில் அவன் அப்படிச் சொன்னதில்லை. கோபம் ஏறிவிட்டது போல, நாளைக்குக் கவனமாய் இருக்கவேணும் என்று அவள் நினைத்தாள்.

புதன்கிழமை அவன் வழமையான நேரத்துக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டான். சங்கக் கடைக்குப் போகவில்லை. குளக்கட்டு வளைவில் சைக்கிளைச் சாத்திவிட்டு மருத மரத்தடியில் இருந்தான். என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் "வெயிலுக்குள்ள ஏன் நடந்து வாறாய்" என்று கேட்பதாய் முடிவெடுத்தான். அதற்குமேல் அவனால் முடியாது. அவள் அழுவாள். அழுதால் தலையைத் தடவலாம்.

வெயில் ஏறிற்று. குளத்துக்குள் நீர்க்காகங்கள் முக்குளித்து எழும்பிக்கொண்டிருந்தன. பாதையில் ஒருவரும் வரவில்லை. சுகமில்லையோ, இன்றைக்கு முறை இல்லையோ என்று அவனுக்குப் பதகளிப்பாய்ப் போயிற்று. மேற்குக் காட்டுப் பக்கம் மயில்கள் திடீரென்று கத்தி ஓய்ந்தன. அவன் எழும்பிச் சைக்கிளை வீட்டுக்குத் திருப்பினான்.

குசினியில் விரால் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. குரக்கன் பிட்டு அவிந்து ஓலை நீற்றுப்பெட்டியில் இருந்தது. நேசமலர் வாசலில் அவனைக் கண்டு அகப்பையும் கையுமாய் அப்படியே நின்றுவிட்டாள். பிடிபட்டுப் போனேன் என்று நினைத்தாள்.

"அவள் இன்னும் வரேல்லையோ?" என்றான் மடுத்தீன்.

செபத்துக்கு வெளியே அவன் குரலைக் கேட்டு அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"ஆர்?"

"இரஞ்சிதம்."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. "தெரியுமோ உங்களுக்கு?"

"நேற்றுத்தான் கண்டனான். காலடியை." அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "குளக்கட்டில விடிய இருந்து பாத்துக்கொண்டு இருக்கிறன். காணேல்ல."

"கட்டாலயோ? கட்டால எப்பிடி வருவாள்? அதில நீங்கள் துவக்கெல்லே கட்டியிருக்கிறியள்." அவள் அழுதுகொண்டே சிரிக்கப் பார்த்தாள். "நான் வண்டிப் பாதையால வரச் சொல்லி விட்டனான். இப்ப வந்திடுவாள்."

மடுத்தீன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு திரும்பி ஓடத் தொடங்கினான்.

"என்னப்பா? என்னெண்டு சொல்லுங்கோவன்" என்று கத்திக்கொண்டு அவளும் பின்னால் ஓடினாள். வீரகத்தியின் வேலியைக் கடக்கும்போது கமலாசனி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்து, "அண்ணை, அங்கால துவக்கெல்லே" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் நேசமலருக்கு விஷயம் விளங்கிற்று. அவள் விழுந்தெழும்பி மறுபடி ஓடினாள்.

மடுத்தீன் குழை கட்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டான். காட்டுக்குள் எந்த இடத்தில் அவள் நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. நெஞ்சில் இருந்த காற்று முழுவதையும் கூட்டி, "இரஞ்சிதம்" என்று கூப்பிட்டான். திரும்பவும் "இரஞ்சிதம், பிள்ளை" என்று கூப்பிட்டான். மூன்று வளவுக்கு அப்பால் வயலில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவள் அவ்வளவு தூரத்தில் இல்லை. வீரை மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டையில் குந்தி, காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தகப்பனின் குரல் காட்டுக்குள்ளால் வந்தது. அந்தக் குரலை ஏழு மாதத்துக்குப் பிறகு கேட்கிறாள், அதுவும் தன் பெயரோடு. முள்ளை மறந்து எழும்பினாள்.

"ஓம் அப்பு. இஞ்ச நிக்கிறன். இந்தா வாறன்."

அவள் குரலில் இருந்த சந்தோஷம் அவனுக்குக் கேட்டது. "நில்லு, வராதை" என்று கத்தினான். ஓடி வந்த மூச்சில் அது பாதியாய் உடைந்து வெளிவந்தது. பத்தை விலகுகிற சத்தம், ஒரு கால் சற்று இழுத்து ஓடி வருகிற சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. சீத்தைச் சட்டையின் நிறம் இலைகளுக்குள் தெரிந்தது. அவன் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு ஓடினான்.

வெடிச்சத்தம் குளக்கட்டில் பட்டுத் திரும்பி வந்தது.

பன்றியின் உயரத்துக்குக் கட்டிய துவக்கு. இரஞ்சிதத்தின் தொடையில் பிடித்திருந்தது. மடுத்தீன் துவாயை முறுக்கித் தொடைக்கு மேலே இறுக்கினான், அது போதாமல் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்து இறுக்கினான். இரத்தம் நிற்கவில்லை. நேசமலர் வந்து தலையை மடியில் எடுத்தாள். வீரகத்தி எட்டத்தில் நின்று பார்த்துவிட்டு மாட்டை வண்டியில் பூட்டத் திரும்பி ஓடினான். ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டுக் கட்டை, அதில் பாதி மணல் ரோட்டு.

இரஞ்சிதம் முகம் வெளிறிப்போய்க் கிடந்தாள். ஆனால் நோவில் முகம் சுளிக்கவில்லை. கண் தகப்பனைத் தேடிப் பிடித்து அவனிலேயே நின்றது.

"அம்மா," என்றாள், "அப்பு என்னைக் கூப்பிட்டவரெல்லே?"

நேசமலர் புருஷனைப் பார்த்தாள்.

"கூப்பிட்டவர்தானே அம்மா? அதுதான் நான் ஓடி வந்தனான்."

மடுத்தீன் துவாயின் முறுக்கை விடாமல் பிடித்துக்கொண்டு அவளுடைய முகத்துக்கு மேலே குனிந்தான்.

"ஓம் பிள்ளை," என்றான். "நான்தான் கூப்பிட்டனான்."